போலி என்று எழுதிவிட்டேன்: அமெரிக்க மாளிகைகளின் பிரெஞ்சு நாற்காலிகள் பற்றி ஒரு திருத்தம்

எட்டு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அலுவலக வேலையாக நியூ ஜெர்சியில் இருந்த சமயம். சனிக்கிழமையானால் ரயில் பிடித்து நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குப் போய்விடுவேன். அங்கே அமெரிக்கப் பிரிவில் 1850களின் வரவேற்பறை ஒன்றை முழுசாக அமைத்து வைத்திருக்கிறார்கள். குவீன்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில் இருந்த ஒரு வீட்டின் மரவேலைகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து பொருத்திய அறை. உள்ளே கரும்பழுப்பில் சோபா, நாற்காலிகள், நடு மேஜை. ஒரு இடம் பாக்கியில்லாமல் திராட்சைக் கொத்து, ரோஜா, கொடி, இலை. பார்த்துவிட்டு வந்த சூட்டில், "பணம் வந்த அமெரிக்கர் பிரான்ஸைப் பார்த்து எடுத்த ஜெராக்ஸ், அதுவும் மை கொட்டிய ஜெராக்ஸ்" என்று எழுதினேன்.

வரி நன்றாக இருப்பதாக எனக்கே ஒரு பெருமை. ஒரு நண்பர் மட்டும் கேட்டார்: "எதோட ஜெராக்ஸ்? ஒரிஜினலைப் பாத்தீங்களா?" பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு படித்ததில் என் வரி தவறு என்று புரிந்தது. எப்படித் தவறு, எந்த அளவுக்குத் தவறு, எந்த இடத்தில் இன்னும் என்னால் முடிவுக்கு வர முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

1. என் கருத்து எங்கிருந்து வந்தது

யோசித்துப் பார்த்தால் அது என் கருத்தே இல்லை. ஈடித் வார்ட்டனும் ஆக்டன் காட்மனும் சேர்ந்து 1897இல் எழுதிய 'தி டெக்கரேஷன் ஆஃப் ஹவுஸஸ்' புத்தகத்திலிருந்து வாங்கிக்கொண்டது. வார்ட்டன் பின்னாளில் பெரிய நாவலாசிரியர். காட்மன் கட்டடக் கலைஞர். அமெரிக்கப் பணக்கார வீடுகளின் உள்ளலங்காரத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிடச் செல்வாக்கான புத்தகம் அபூர்வம்.

புத்தகத்தின் வாதம் எளிமையானது. அலங்காரம் என்பது கட்டடக் கலையின் ஒரு பகுதி; மேலே ஒட்டவைக்கிற சமாச்சாரம் இல்லை. அறையின் அளவு, கதவு, ஜன்னல், கணப்பு இவற்றின் விகிதம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மூலைக்கு மூலை பொம்மையும் துணித் தொங்கலும் அடைப்பதை இருவரும் வெளுத்து வாங்குகிறார்கள். இதற்கு முன்மாதிரியாக அவர்கள் காட்டுவது இத்தாலிய மறுமலர்ச்சியையும் 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸையும். படங்களில் பெரும்பாலும் ஐரோப்பிய அரண்மனைகள்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல புத்தகம். விகிதத்தைப் பற்றிய பகுதிகளைப் படித்தபின் நான் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு 1850களின் அந்த அறையைப் பார்த்தால் தீர்ப்பு தானாக வந்துவிடும்: பிரெஞ்சு பாணியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் அடித்த காப்பி. நானும் அதைத்தான் எழுதினேன்.

ஆனால் இந்த அளவுகோல் கேட்பது ஒரே ஒரு கேள்வியைத்தான்: பார்க்க எப்படி இருக்கிறது? யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், எந்தப் பணத்தில் வாங்கினார்கள் என்பதெல்லாம் அதற்கு வெளியே. அந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தவுடன் 'ஒரிஜினல்', 'காப்பி' என்ற இரண்டு வார்த்தையுமே ஆட்டம் காண்கின்றன.

2. மூன்று அலைகள்

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'பிரெஞ்சு' என்று சொல்லி விற்றது ஒரே பொருள் கிடையாது.

முதல் அலை நெப்போலியன் காலத்துப் பாணி. பிரான்ஸின் ஷாந்தியியில் 1779இல் பிறந்த ஷார்ல் ஒனோரே லானுவியே 1803இல் நியூயார்க் வந்தார். அவருடைய அண்ணன் பாரிஸில் மரச்சாமான் செய்பவர். வேலை கற்றது அங்கே. தங்கம் பூசிய பெண்ணுருவங்கள் தாங்கி நிற்கும் சீட்டாட்ட மேஜைகள் இவருடைய புகழ்பெற்ற வேலை. தன் பட்டறைச் சீட்டை ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் அச்சடித்து ஒட்டினார். 1819இல், 40 வயதில் இறந்துவிட்டார்.

இதே காலத்தில் ஒரு வேடிக்கை. அதிபர் ஜேம்ஸ் மன்றோ, எரிந்து மீண்ட வெள்ளை மாளிகையின் நீள்வட்ட அறைக்கு 1817இல் பாரிஸில் மரச்சாமான் ஆர்டர் கொடுத்தார். மகாகனி மரத்தில் வேண்டும் என்பது அவர் கேட்டது. வாங்கி அனுப்பிய முகவர்கள், கனவான்கள் வீட்டு வரவேற்பறையில்கூட மகாகனி வைப்பதில்லை என்று விளக்கம் எழுதி, பியேர் அந்துவான் பெலாஞ்சே செய்த தங்கப் பூச்சுள்ள 53 உருப்படிகளை அனுப்பிவைத்தார்கள். குடியரசுத் தலைவருக்கு எது தகும் என்று பாரிஸ் முடிவு செய்தது! 1860இல் அதில் பெரும்பகுதியை ஏலம் போட்டுவிட்டார்கள். நூறு வருடம் கழித்து ஜாக்குலின் கென்னடி காலத்தில் அவற்றைத் தேடித் திரும்பக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது அலை 1840, 50களில். அஸ்டோரியா அறையில் இருப்பது இதுதான். விற்றவர்கள் 'லூயி 14' பாணி என்றார்கள். உண்மையில் அந்த வளைவும் சிப்பியும் பூவும் லூயி 15 காலத்தைச் சேர்ந்தவை. பெயரே தப்பு. கூடவே 1850களின் கடைசியில் லூயி 16 பாணியும் வந்தது. பாரிஸிலிருந்து வந்து கடை போட்ட லியோன் மார்கோத், ரயில்வே முதலாளி ஜான் டெய்லர் ஜான்ஸ்டனுக்குச் செய்த கறுப்பும் தங்கமுமான தொகுதி இதற்கு உதாரணம். அந்த ஜான்ஸ்டன்தான் மெட்ரோபாலிடன் மியூசியத்தின் முதல் தலைவர்.

மூன்றாவது அலை 1880, 90களின் கோடீஸ்வரர்கள். வாண்டர்பில்ட் குடும்பம், நியூபோர்ட் மாளிகைகள். இவர்கள் பிரெஞ்சு பாணியோடு நிற்கவில்லை. பிரான்ஸையே பெட்டி பெட்டியாகக் கப்பலில் இறக்கினார்கள்.

நான் 'மை கொட்டிய ஜெராக்ஸ்' என்றது இரண்டாவது அலையை. அதனால் அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

3. நாற்காலியின் முதுகைப் பாருங்கள்

ஜான் ஹென்றி பெல்ட்டர் 1804இல் ஜெர்மனியின் ஆஸ்னபுரூக் பக்கத்தில் ஹில்டர் என்ற ஊரில் பிறந்தவர். 1830களில் நியூயார்க் வந்தார். 1850களில் மன்ஹாட்டனின் மூன்றாவது அவென்யூவில் ஐந்து மாடித் தொழிற்சாலை நடத்தும் அளவுக்கு வளர்ந்தார்.

அவருடைய நாற்காலியை முன்னாலிருந்து பார்த்தால் பூதான் தெரியும். இரண்டாவது முறை போனபோது குனிந்து பின்பக்கம் பார்த்தேன். காவலாளி ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார், பரவாயில்லை. பின்பக்கம் வழவழவென்று ஒரே பரப்பு. மேலிருந்து கீழாகவும் வளைகிறது, இடமிருந்து வலமாகவும் வளைகிறது. ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு மாதிரி. ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் கோடு கோடாக அடுக்குகள். அட, இது பிளைவுட்!

ஊரில் ஆசாரி வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று தெரியும். மரத்துக்கு ரேகை உண்டு. ரேகையோடு போனால் பலம், குறுக்கே வெட்டினால் உடையும். முழு மரத்தில் வளைவாக ஒரு சட்டம் அறுத்தால் எங்காவது ஓரிடத்தில் ரேகை குறுக்கே வந்துவிடும், அங்கேதான் முறியும். அதில் ஓட்டை ஓட்டையாகக் கொடியும் பூவும் குடைந்தால் கேட்கவே வேண்டாம், கை பட்டால் பிய்ந்துவிடும்.

பெல்ட்டர் செய்தது இது. மரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒன்றின் ரேகைக்கு அடுத்ததன் ரேகை குறுக்கே வரும்படி வச்சிரப் பசையால் ஒட்டினார். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு அடுக்கு. சில உருப்படிகளில் அதற்கும் அதிகம். மொத்தத் தடிமன் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. அதை அச்சில் வைத்து, நீராவிச் சூட்டில் அழுத்தி வளைத்தார். இரண்டு பக்கமும் வளையும் பரப்பில் தட்டைத் தகடு மடிப்பு விழாமல் உட்காராது. காகிதத்தைப் பந்தின் மேல் ஒட்டிப் பார்த்தால் தெரியும். அதனால் பீப்பாய்க்குப் பலகை வெட்டுவதுபோல ஓரம் குறுக்கிய துண்டுகளாகச் சேர்த்து அழுத்தினார். காய்ந்தபின் ஊடுருவி அறுத்து, கையால் செதுக்கி, பூ கனமாக வரவேண்டிய இடத்தில் மேலே கட்டைகளை ஒட்டி அதையும் செதுக்கினார்கள். வளைந்த முதுகை அறுக்கும் ரம்பத்துக்கு 1847இல் ஒரு காப்புரிமை, கட்டிலுக்கு 1856இல் ஒன்று, இந்த அழுத்து முறைக்கு 1858இல் ஒன்று.

இங்கே ஒரு விமரிசகரை நினைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் சார்லஸ் ஈஸ்ட்லேக் 1868இல் வெளியிட்ட வீட்டு ரசனை நூல் அமெரிக்காவிலும் பிரபலம். வளைவு மரத்தின் இயல்புக்கு விரோதம், பலவீனம், வீண்செலவு என்று அவர் இந்த வகைச் சாமான்களைச் சாடினார். முழு மரத்துக்கு அது நியாயமான விமரிசனம். ஆனால் அந்த ஆட்சேபத்துக்குப் பத்து வருடம் முன்னாலேயே பெல்ட்டர் காப்புரிமையோடு பதில் எழுதிவிட்டார். முன்பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் அந்தப் பதில் கண்ணில் படாது. எனக்கும் படவில்லை.

லூயி 15 காலத்துப் பாரிஸ் நாற்காலி பெரும்பாலும் பீச் மரம். வண்ணமோ தங்கமோ பூசியிருக்கும். பெல்ட்டருடையது பிரேசில் ரோஸ்வுட், நம்ம நீலகிரிப் பக்கத்து ஈட்டி மரத்தின் ஒன்றுவிட்ட தம்பி. மரம் வேறு, கட்டுமானம் வேறு, கருவி வேறு. வளைவும் பூவும் மட்டும் பிரான்ஸிலிருந்து கடன். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது குளோன் கிடையாது, ஃபோர்க். தொடக்கம் ஒரே இடம். அதற்கப்புறம் தன் வழியில் போன வேறொரு புராஜெக்ட். 20ஆம் நூற்றாண்டில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி ஒட்டுப்பலகையை இரு பக்கமும் வளைத்து நாற்காலி செய்தபோது உலகம் நவீனம் என்று கொண்டாடியது. பூ இல்லாததால் அது நவீனமாகத் தெரிந்தது.

4. சரி, ஒரிஜினலைப் பார்ப்போம்

நண்பர் கேட்டாரே, "ஒரிஜினலைப் பாத்தீங்களா?" என்று. அதுவும் அதே மியூசியத்தில்தான் இருக்கிறது. அரசி மேரி அந்துவானெத்துக்காக 1783இல் செய்த எழுதுமேஜை அலமாரியும் அதற்கு ஜோடியான இழுப்பறைப் பெட்டியும். செய்தவர் ழான் ஹென்றி ரீஸ்னர். லூயி 16 பாணிக்கு இதைவிட அசலான சான்று தேடினாலும் கிடைக்காது.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால், கறுப்புப் பரப்பில் தங்கத்தில் தீட்டிய பலகைகள் ஜப்பானிய அரக்கு வேலை. ஜப்பானிலிருந்து வந்த பழைய பலகைகளை எடுத்துப் பதித்திருக்கிறார்கள். ரீஸ்னர் பிறந்தது ஜெர்மனியின் கிளாட்பெக்கில். அவருக்கு முன்னால் அந்தப் பட்டறையை நடத்திய ஓபனும் ஜெர்மானியர். அரசிக்கு வேலை செய்த வைஸ்வைலர், ஷ்வெர்ட்ஃபெகர் இவர்களும் அப்படியே. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸின் உயர்ந்த மரவேலையில் பெரிய பங்கு பிழைப்புத் தேடி வந்த ஜெர்மன் கைகளுடையது.

நூறு வருடம் கழித்து நியூயார்க்கில் என்ன நடந்தது? அதேதான். 1850களில் அந்நகரின் மரச்சாமான் தொழிலாளர்களில் ஜெர்மானியர்களே மிகுதி. பெல்ட்டர் ஜெர்மானியர். அடுத்த தலைமுறையில் கோடீஸ்வரர்களுக்கு வேலை செய்த ஹெர்ட்டர் சகோதரர்களும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தவர்கள். ஜெர்மானியர் பாரிஸில் செய்தால் பிரெஞ்சு ஒரிஜினல், நியூயார்க்கில் செய்தால் பிரெஞ்சு போலி என்று பிரித்தால், நாம் எடைபோடுவது வேலையையா, முகவரியையா?

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. ரீஸ்னர் ஓர் உயிருள்ள மரபுக்குள் இருந்தார். அந்தப் பாணியையே உருவாக்கியவர்களில் ஒருவர். பெல்ட்டர் செத்துப்போன பாணியை நூறு வருடம் கழித்துத் தோண்டி எடுத்தார். இதை ஒப்புக்கொள்கிறேன். வடிவக் கற்பனையில் ரீஸ்னர் பக்கத்தில் பெல்ட்டர் நிற்க மாட்டார். பூவைக் குறைத்திருந்தால் நாற்காலி தேறியிருக்கும் என்று எனக்கு இன்னமும் படுகிறது. நான் திரும்பப் பெறுவது 'போலி' என்ற வார்த்தையை. 'அழகு' என்று மாற்றி எழுத வரவில்லை.

5. பெயர் யாருக்கு மிஞ்சும்

ரீஸ்னர் பெயர் நமக்கு எப்படித் தெரிகிறது? பாரிஸ் தச்சர் சங்கத்தின் சட்டப்படி, 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, தேர்ச்சி பெற்ற தச்சர் தன் பெயரை மரத்தில் முத்திரை குத்த வேண்டும். புரட்சி வந்து 1791இல் சங்கங்கள் ஒழியும்வரை இந்த வழக்கம் இருந்தது. அதனால் இருநூறு வருடம் கழித்தும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

நியூயார்க்கில் அப்படிச் சட்டம் இல்லை. லானுவியே சீட்டு ஒட்டினார், அதனால் தெரிகிறது. பெல்ட்டர் பட்டறைச் சாமான்களில் சீட்டு உள்ளவை ரொம்பக் கம்மி. விளைவு, ரோஸ்வுட்டை அடுக்கி ஒட்டிய எல்லாமே பல காலம் 'பெல்ட்டர்' என்றே விற்றது. நம்ம ஊரில் எந்தக் கம்பெனிப் பிரதியும் 'ஜெராக்ஸ்' ஆன மாதிரி. மீக்ஸ் சகோதரர்கள் நியூயார்க்கில் இதே ரகத்தில் செய்துகொண்டிருந்தார்கள். சார்லஸ் பௌடுவீன் என்ற இன்னொருவர் பட்டறையில் வேலை பார்த்த எர்னஸ்ட் ஹேகன், வயதான பின் எழுதிய நினைவுக் குறிப்பில் அங்கே சுமார் 200 பேர் வேலை செய்ததாகவும், முதலாளி ஆண்டுதோறும் பிரான்ஸ் போய்த் துணியும் சாமானும் வாங்கி வந்ததாகவும் சொல்கிறார். பெல்ட்டரின் காப்புரிமையில் மாட்டாமலிருக்க, முதுகை ஒரே துண்டாகச் செய்யாமல் நடுவில் ஓர் இணைப்பு வைத்தார்களாம். காப்புரிமைக்குச் சந்து கண்டுபிடிக்கும் கலை எங்கள் தொழிலில்தான் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

'ரோசாலி', 'ஹென்றி கிளே' என்று இன்று ஏலக்காரர்கள் சொல்லும் டிசைன் பெயர்களும் பட்டறையில் வைத்தவை இல்லை. பின்னாள் சேகரிப்பாளர்கள் வைத்தவை. பெல்ட்டர் 1863இல் காசநோயில் இறந்தார். 1867இல் கம்பெனி திவாலானது. அந்தத் திராட்சைக் கொத்துகளைச் செதுக்கியவர்கள் பெயர்? அநேகமாக ஒன்றுகூட இல்லை.

6. மெய்யான காப்பிகள்

இப்போது மூன்றாவது அலை. வார்ட்டன், காட்மன் அளவுகோலுக்குக் கிட்டத்தில் வருகிறவை இவை. ரீஸ்னர் செய்த அந்த ஜோடியை, 1882இல் லண்டனில் நடந்த ஹாமில்டன் அரண்மனைச் சாமான் ஏலத்துக்குப் பின் தனதாக்கிக்கொண்டவர் வில்லியம் கே. வாண்டர்பில்ட். 1920இல் அவர் உயில்படி மியூசியத்துக்கு வந்தது. அசலையே வாங்க முடிந்த குடும்பம் மிச்சத்துக்குப் பாரிஸின் ழூல் அலார் கம்பெனியை வைத்துக்கொண்டது. அலார் 1885இல் நியூயார்க்கில் கிளையே திறந்தார்.

நியூபோர்ட்டில் 1892இல் முடிந்த மார்பிள் ஹவுஸ், ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் கட்டியது. செலவு 1.1 கோடி டாலர், அதில் 70 லட்சம் சலவைக்கல்லுக்கு மட்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சாப்பாட்டு அறை நாற்காலிகள் தங்க முலாம் பூசிய வெண்கலம். விருந்தாளி தானாக இழுத்து உட்கார முடியாத கனம். பின்னால் ஒரு பணியாள் நின்று நகர்த்த வேண்டும். 1895இல் முடிந்த பிரேக்கர்ஸ் மாளிகையின் இசை அறையைப் பாரிஸில் செய்து, கழற்றி, கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள். அதே மாளிகையின் மேல்மாடிப் படுக்கையறைகளை அலங்கரித்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஆக்டன் காட்மன். புத்தகம் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால்.

இதை வைத்துக் காட்மனைக் கிண்டல் செய்ய வரவில்லை. அவர் செய்த அறைகள் அமைதியானவை. கீழ்த்தள ஆடம்பரத்தோடு ஒப்பிட்டால் மூச்சு விடலாம். ஆனால் புத்தகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பணக்காரர் நல்லதைக் கேட்டு வாங்கத் தொடங்கினால், அக்கம்பக்கத்துக்கும் அது பரவும் என்று. வெண்கல நாற்காலியிலிருந்து அக்கம்பக்கத்துக்கு என்ன பரவும்? நகர்த்த ஆள் தேவைப்படுவதே அதன் பயன். இரண்டு வருடம் கழித்து, 1899இல், தோர்ஸ்டீன் வெப்லன் ஓய்வு வர்க்கத்தைப் பற்றிய தன் நூலில், நாம் அழகு என்று சொல்வதில் எவ்வளவு பங்கு விலை உயர்வுக்கான மரியாதை என்று கேட்டார். என் பழைய குறிப்புக்கும் அந்தக் கேள்வி பொருந்துகிறது. பாரிஸ் முத்திரை இருந்தால் மயங்குகிறேன், நியூயார்க் பசை தெரிந்தால் முகம் சுளிக்கிறேன்.

காப்பி என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ளவை மூன்றாவது அலைச் சாமான்களே. குறையில்லாத காப்பிகள். புதிதாக ஒரு ஸ்குரூகூடக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

7. நாட்செஸ்

இதோடு முடித்திருந்தால் கட்டுரை எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். பெல்ட்டர் என்ற கைவினைஞரை அநியாயமாகத் திட்டினேன், இதோ நியாயம் செய்துவிட்டேன் என்று கையைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. 'ரோசாலி' என்ற டிசைன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடியதில் மாட்டிக்கொண்டேன்.

ரோசாலி என்பது மிசிசிப்பி மாநிலத்தில், நதிக்கரையில் உள்ள நாட்செஸ் ஊரின் ஒரு மாளிகை. 1850களின் கடைசியில் அதை வைத்திருந்த பருத்திப் பண்ணைக் குடும்பம் பெல்ட்டர் வரவேற்பறைத் தொகுதியை வாங்கிப் போட்டது. அந்த அறை இன்றும் பார்வைக்கு இருக்கிறது. நாட்செஸ் அப்போது அமெரிக்காவின் மிகப் பணக்கார ஊர்களில் ஒன்று. பணம் பருத்தியிலிருந்து. பருத்தி, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பிலிருந்து. 1860 கணக்கெடுப்பில் மிசிசிப்பியில் பாதிக்கும் மேற்பட்ட மக்கள் அடிமைகள். தெற்கே மட்டும் என்றும் தப்பிக்க முடியாது. அந்தப் பருத்தியைக் கப்பலேற்றி, கடன் கொடுத்துக் கொழுத்தது நியூயார்க். ரோஸ்வுட் வந்த பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி 1888 வரை இருந்தது.

அதே ஊரில் மெல்ரோஸ் என்று இன்னொரு மாளிகை, இப்போது தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில். வரவேற்பறையில் இதே பிரெஞ்சு பாணிச் சாமான்கள். அடுத்த அறையில், சாப்பாட்டு மேஜைக்கு மேலே, மகாகனியில் செய்த பெரிய விசிறிப் பலகை ஒன்று தொங்குகிறது. கயிறு கட்டி ஆட்டுவது. அதன் பெயரைப் படித்ததும் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். 'பங்கா'. நம்ம ஊர்க் கலெக்டர் பங்களாக்களில் தொங்கிய அதே பங்கா, பெயரோடு மிசிசிப்பி போயிருக்கிறது. இங்கே கயிறு இழுத்தவர் கூலிக்கு இழுத்தார். அங்கே இழுத்தவர் வீட்டின் உடைமையாகக் கணக்கெழுதப்பட்டவர், பல வீடுகளில் குழந்தை.

அந்தத் திராட்சைக் கொத்துகளின் இடுக்கில் சேரும் தூசியைத் தினமும் துடைத்தவர் யார் என்பதற்கும் இதே பதில்தான். பூ எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு துடைக்க வேண்டும். நான் ரசித்த எட்டு அடுக்குப் பொறியியலுக்குச் சந்தை கிடைத்ததில் இந்த வீடுகளுக்கும் பங்குண்டு. போருக்குப் பின் பெல்ட்டர் கம்பெனி திவாலானதற்குத் தெற்கத்திய வாடிக்கையாளர்கள் நொடித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

"வேலைப்பாடு வேறு, அதை வாங்கிய பணம் வேறு" என்று சொல்லிப் பார்த்தேன். பாதி சரி. செதுக்கிய ஜெர்மன் தொழிலாளிக்கு நாட்செஸ் தெரிந்திருக்காது. ஆனால் செய்தவர் யார் என்று கேட்பதுதான் நியாயம் என்று வார்ட்டனைக் குறை சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியைப் பட்டறை வாசலோடு நான் நிறுத்திக்கொண்டால், நானும் முன்பக்கத்தை மட்டும் பார்க்கிறவன்தான்.

8. திருத்தம்

ஆகவே, பழைய குறிப்பில் 'ஜெராக்ஸ்' என்று எழுதியதை அடித்துவிடுகிறேன். அழிக்கப் போவதில்லை, அடித்தது தெரிகிற மாதிரி விட்டுவைத்து, கீழே இந்தக் கட்டுரைக்கு ஒரு சுட்டி போடுகிறேன். 1850களின் அந்த நாற்காலி ஒரு புதிய பொருள். அந்நிய ஊரில் பிழைக்க வந்தவர்கள் கண்டுபிடித்துச் செய்தது. அலங்காரம் என் ரசனைக்கு அதிகம். அதை வாங்கிய வீடுகளில் சில, மனிதர்களையும் வாங்கிய வீடுகள். இந்த நான்கையும் ஒரே வரியில் கிண்டலாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

நியூயார்க் போகிற நண்பர்கள் அந்த மியூசியத்துக்குப் போனால், முதலில் பிரெஞ்சுப் பிரிவில் ரீஸ்னரைப் பாருங்கள். அதே சூட்டோடு அமெரிக்கப் பிரிவுக்கு வந்து பெல்ட்டரைப் பாருங்கள். நாற்காலி ஓரத்தில் அடுக்குக் கோடுகள் தெரிகிறதா என்று குனிந்து தேடுங்கள். காவலாளி முறைத்தால் சிரித்துவிடுங்கள். நான் எழுதியதில் பிழை கண்டால் சொல்லுங்கள்; எட்டு வருடம் எடுத்துக்கொள்ளாமல் திருத்துகிறேன்.